சேமிக்கப்படுகிறது, பொறுத்திருக்கவும்

சேமிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுப் படக்காரம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையின் அடியில் ‘சேமிக்கப்படுகிறது, பொறுத்திருக்கவும்’ என்று வந்தது. பக்கத்தில், நூறு வரை ஏறும் ஓர் எண்: 1. மதியம் மணி இரண்டு நாற்பது. இனி மூன்று மணி வரைக்கும் இந்த இயந்திரத்தைக் கெஞ்சினாலும் ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான்.

காவல் நிலையத்தில் எல்லோரும் அவளைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி சொல்லச் சொல்ல, தேடப்படும் ஆளின் முகத்தை எழுத்துகளால் கட்டுவது அவள் வேலை. ஊரைச் சுற்றியுள்ள பன்னிரண்டு சோதனைச் சாவடிகளிலும் அரதப் பழசான அச்சுப்பொறிகள். எழுத்தையும் எண்ணையும் புள்ளியையும் தவிர எதையும் அடிக்காது. ஆகவே கன்னத்துக்குப் புள்ளி, புருவத்துக்கு நெருக்கமான எழுத்து, முடிக்கு அடர்ந்த எண் என்று கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும். பதினோரு வருடமாக நிரப்புகிறாள். அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம். அழித்ததையும் விடாது. ஒரு கட்டத்தில் பத்துமுறை மாற்றினால் பத்தையும் சேர்த்தே சேமிக்கும். சாட்சி குழம்பக் குழம்பக் கோப்பு கனத்துக்கொண்டே போகும். சேமித்து முடித்த மறுநொடி படம் தானாகவே சாவடிகளுக்குப் போய்விடும். நடுவில் நின்றால் முகம் மொத்தமும் போச்சு.

“இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று கேட்டாள் சாட்சி. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கைப்பையை மடியில் வைத்து, யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“இருபது நிமிஷம் ஆகும்மா. உள்ள முப்பத்தாறு மூக்கு கிடக்குதுல்ல, மெதுவாத்தான் போகும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. சொல்லியிருக்கக்கூடாது என்று படக்காரம்மாவுக்கே உறைத்தது. நான்கு நாளைக்கு முன்னால், பள்ளிக்கூட வாசலில், இவளுடைய எட்டு வயது மகளை ஒரு பைக் அடித்துப் போட்டிருந்தது. ஓட்டியவன் இறங்கினான், ஹெல்மெட்டைக் கழற்றிக் குழந்தையைக் குனிந்து பார்த்தான், மறுபடி ஏறிப் போய்விட்டான். குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தது இவள் ஒருத்திதான்.

“நாளாக ஆக மறக்குதும்மா. ராத்திரி கண்ண மூடினா வந்துடுவான். இப்ப வர்றதில்ல. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

“அதெல்லாம் மறக்காது. வந்துடுச்சு பாருங்க, எல்லாம் கட்டத்துக்குள்ள ஏறிடுச்சு.”

“எனக்கு வெறும் எழுத்தாத்தான் தெரியுது.”

“கிட்ட உக்காந்தா எனக்கும் அப்படித்தான்” என்றபடி படக்காரம்மா எழுந்தாள். உண்மைதான். கிட்டத்தில் எழுத்து வெறும் எழுத்துதான். பத்தடி தள்ளி வாசலில் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் அது முகமாகும். முன்பெல்லாம் அப்படிப் பார்த்து வந்த பிறகுதான் சேமிப்பாள். இரண்டு முறை, போய்த் திரும்புவதற்குள் திரை உறைந்து, அரை நாள் உழைப்பு தண்ணீரில் போனது. அன்றிலிருந்து முதலில் சேமிப்பு, பிறகுதான் பார்வை. மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வாசலுக்குப் போய், நிலையில் சாய்ந்து, திரும்பினாள். எண் 31.

திரையிலிருந்து தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீ, என்று கண்ணைக் கசக்கினாள். ஊரில் ஒரே சாடையில் ஆயிரம் பேர். மறுபடி பார்த்தாள். முன்நெற்றியில் விழும் முடி, கொஞ்சம் முன்னால் துருத்திய காது. “இடது புருவத்துல நடுவுல முடி இல்ல” என்று அந்த அம்மா சொன்னபோது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அப்போது அது கட்டம். இங்கிருந்து பார்த்தால், ஐந்து வயதில் அவன் படிக்கட்டில் விழுந்து, ரத்தம் சொட்டச் சொட்ட அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாளே, அந்தத் தழும்பு. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவனைத் தெரியாதென்று இந்தக் கண் எப்படிச் சொல்லும்?

நான்கு நாளாக அவனுக்குக் காய்ச்சல். அப்படித்தான் சொன்னான். பைக் எங்கே என்று கேட்டதற்கு, “பிரேக் சரியில்லக்கா, மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன்” என்றான். இவள் மாத்திரை கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. சுடாதது நல்லதுதானே என்று நினைத்தாள், மடச்சி. எண் 58. இருபது நிமிடம் ஆகவேண்டியது, இன்றைக்கென்று பறக்கிறது!

அறையின் மின்சாரம் முழுவதும் வாசலோரச் சுவரில் இருந்த ஒரே ஸ்விட்சில்தான். அது அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தக் கட்டடத்தில் மின்சாரம் போவது ஒன்றும் அதிசயமில்லை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். “பவர் போச்சும்மா, நாளைக்கு வாங்க” என்றால் போதும். நாளைக்கு அந்த அம்மாவுக்கு மறந்திருக்கும். எவனோ ஒருவனின் முகம் வரும்.

அவளறியாமலே கை மேலே போனது. விரல் ஸ்விட்சைத் தொட்டது. அவனைக் காலில் விழவைக்கலாம், தானே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தலாம், அவனாகவே வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை குறையாதா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. குனிந்து பார்த்துவிட்டு ஏறிப் போனானாமே, பாவி. குழந்தையை அப்படியே விட்டுவிட்டு. எண் 83.

“நானும் அங்க வந்து பாக்கட்டுமா?”

“வேண்டாம்மா. உக்காருங்க. இன்னும் முடியல.”

குரல் அவளுடையதாக இல்லை. ஆனால் அந்த அம்மா எழுந்து வந்துகொண்டிருந்தாள். பத்தடி தூரம்தான். பக்கத்தில் வந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பினாள்.

கைப்பை கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

“இவன்தான்.”

படக்காரம்மாவின் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. எண் 94. லேசாக அழுத்தினால் போதும்.

“அப்படியே இருக்கான்மா. நான் சொன்னத விட நீங்க நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க.” அந்த அம்மா அழுதபடியே திரும்பி, சுவரிலிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும்மா. உங்க கூடப் பொறந்தவங்க, உங்க குடும்பம், எல்லாரும் நல்லா இருக்கணும்.”

கையை உருவ முடியவில்லை. உருவவும் இல்லை. கண்ணீர் பட்டு விரல்கள் ஈரமாகிக்கொண்டிருந்தன. பத்தடிக்கு அப்பால் தம்பி, காலியாக விட்ட அந்த ஒரு கட்டத்தோடு, இருவரையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்துக்குக் கீழே எண் 97 ஆனது.