முப்பத்தெட்டாம் அத்தியாயம் இழுவை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலிலிருந்து எடுத்தது. 1979ஆம் வருஷம் ஒரு சிறு சஞ்சிகைக்காக மாத்தளைப் பக்கத்து வாசகர்களைத் தேடிப் போய், "உங்களுக்கு ரொம்பப் பிடித்த நாவல் எது, கொஞ்சமும் பிடிக்காத நாவல் எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் இரண்டு பெயர் சொன்னார்கள். பலாபத்வலையில் ஏலக்காய் வியாபாரி இத்ரூஸின் மனைவி ஹமீமா மட்டும் ஒன்றுதான் சொன்னாள்.

"ரெண்டுக்கும் அதேதாங்க."

நாவலின் பெயரை எழுதப்போவதில்லை. (அதை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஹமீமாவுக்கு உண்டு.)

2

'மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, மார்ஜரி பஸ்ஸிலிருந்து'

வேண்டாம். மழையில் தொடங்காத மாத்தளைக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

'நட்பு என்பது'

இது அதைவிட மோசம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹமீமாவும் மார்ஜரியும் மாத்தளையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மார்ஜரி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வின்சன்டின் மகள். இரண்டு பேருக்கும் கல்யாணமான பிறகும் வியாழக்கிழமை தவறவில்லை. இந்தியாவிலிருந்து வரும் வாரச் சஞ்சிகையை மார்ஜரி டவுனில் வாங்கி, பஸ்ஸிலேயே வாசித்து, பலாபத்வலையில் இறங்கி ஹமீமாவின் கையில் கொடுப்பாள். தோட்டத்துக்குப் போகும் லொறி வரும்வரை சண்டை.

சண்டை ஒரு தொடர்கதையைப் பற்றி. பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அக்கா, தங்கச்சி கதை. ஹமீமா அக்கா கட்சி. மார்ஜரி தங்கச்சி கட்சி.

"அக்காகாரிக்கு வீம்பு, ஹமீ. அவதான் மொதல்ல போகணும்."

"போவா. நீ பாரு."

போனாள். முப்பத்தோராம் அத்தியாயத்தின் கடைசி வரியில் அக்கா தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள். தொடரும் என்று போட்டிருந்தது. தொடரவில்லை. இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. டவுன் கடையில் கயிற்றில் தொங்கிய பழைய இதழ்கள் வெயிலில் வெளுத்தன.

மறு வருஷம் மார்ஜரி குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்தது; இனி இந்தியாவுக்குப் போயாக வேண்டும். மாத்தளை ஸ்டேசனில் அப்பா, புருஷன், இரண்டு டிரங்குப் பெட்டி, இடுப்பில் நாலு மாதப் பிள்ளை. ஹமீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்:

"அங்க போய் மிச்சத்த வாசிச்சு எனக்கு எழுதுவியா?"

"எழுதுறேன், ஹமீ. ஒரு அத்தியாயம் விடாம எழுதுறேன்."

(எங்கே தங்கப்போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது ஹமீமா என் முகத்தைப் பார்க்கவில்லை.)

3

மாதம் ஒன்றாக நீல நிற விமானத் தபால் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்திலிருந்து. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே வரி: "நல்லா இருக்கேன். கதையைக் கேளு." பிறகு விளிம்புவரை நுணுக்கி நுணுக்கிக் கதை.

கதவைத் திறந்தது தங்கச்சியேதான். முதல் வார்த்தையாக "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். ஹமீமா அதை இத்ரூஸுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். தங்கச்சி இருந்தது மலைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் சாக்குத் தடுப்பு. கைக்குழந்தை ஒன்று. இரண்டு பேரும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, பாலில்லாத பிளேன்டி குடித்தார்கள்.

(இந்த இடத்தில் எனக்கு என் கதாநாயகிமேல் சந்தேகம். தமிழ்நாட்டுக் கதையில் நம் ஊர்ப் பிளேன்டி எப்படி வரும்? இவ்வளவு வாசித்தவளுக்கு அது உறைக்கவில்லையா? கேட்டேன். "தெரியல்லன்னாலும் பொய், தெரிஞ்சிச்சுன்னாலும் பொய். எனக்குக் கதை வேணும்னு இருந்திச்சு" என்றாள்.)

ஹமீமா பதிலுக்கு விமர்சனம் எழுதினாள். அதில் தயவுதாட்சண்யம் கிடையாது. முப்பத்தெட்டாம் அத்தியாயம் முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். அடைமழை, பஸ் இல்லை, தகரத்தில் விழும் தண்ணீர்ச் சத்தத்தில் குழந்தையின் மூச்சுக் கேட்கவில்லை. அதற்கு ஹமீமா எழுதினாள்:

"38 இழுவை. புள்ளைக்குக் காய்ச்சல்னா ஒரு பக்கம் போதும். சட்டுனு சுகமாக்கிட்டுக் கதைய நகர்த்தச் சொல்லு அந்த மனுசன."

முப்பத்தொன்பது வந்தது. அக்காவும் தங்கச்சியும் சந்தைக்குப் போய்ச் சேலை பார்த்தார்கள். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் போல என்று ஹமீமா அதையும் எழுதிப் போட்டாள்.

நாற்பது வரவில்லை. ஹமீமா ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் சாலிஹ் சைக்கிளை நிறுத்தாமலே கையை ஆட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

4

எழுபத்தெட்டில் இறக்குமதி திறந்துவிட்டது. மாத்தளைக் கடையில் அந்தத் தொடர்கதை முழு நாவலாகக் கெட்டி அட்டையோடு இருந்தது. ஹமீமா வாங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே முப்பத்திரண்டைப் புரட்டினாள்.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டுக்காரி. தங்கச்சி செத்து மூன்று மாதம். மிச்சம் அறுபது பக்கமும் அக்காவின் அழுகை. தகரக் கொட்டகை இல்லை. பிளேன்டி இல்லை.

அடி பொய்க்காரி! பஸ்ஸில் உட்கார்ந்து ஹமீமா தனக்குள் சிரித்தாள். சஞ்சிகை கண்ணிலேயே படாத ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு, எனக்காக உட்கார்ந்து கதை கட்டியிருக்கிறாளே! அதுவும் இந்த மனுசன் எழுதினதைவிட எவ்வளவு

பஸ் அலுவிகாரையில் நின்றது. அங்கேதான் அது வந்து இடித்தது. புத்தகத்தில் குழந்தையே இல்லை. அப்படியென்றால் காய்ச்சல் யார் பிள்ளைக்கு?

இறங்கிவிட்டாள். பலாபத்வலைவரை நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கடிதங்களை எடுத்து, தங்கச்சியின் பெயர் வந்த இடத்திலெல்லாம் மார்ஜரி என்று போட்டு வாசித்தாள். சாக்குத் தடுப்பு. தகரம். ஒன்பது நாள்.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் மார்ஜரியின் பதில் வருகிறது, பிள்ளை இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. (கிழித்துவிட்டேன். அது என் ஆசை.) இரண்டாவதில் கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வருகிறது. (அதையும் கிழித்தேன். சோகமாக முடித்தால் இலக்கியம் என்று நினைத்திருந்த காலத்துப் பழக்கம்.) மூன்றாவதில் ஹமீமா

இல்லை.

"பொறகு எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எழுதினேன். இன்னும் பதில் வரல்ல."

"புள்ளையப் பத்திக் கேட்டீங்களா?"

"கேக்கப் பயமாயிருந்திச்சு." அவளே தொடர்ந்தாள்: "நாப்பது எவ்வளவு நீளமா இருந்தாலும் எழுது, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு எழுதினேன்."

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயதிருக்கும். அல்லது இருக்காது. இரண்டில் ஒன்றை எழுத எனக்கு உரிமையில்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது கோத்தகிரிப் பக்கம் போனால், மாத்தளையிலிருந்து வந்த மார்ஜரி என்று விசாரியுங்கள். எது தெரிந்தாலும் எனக்கு எழுத வேண்டாம். பலாபத்வலைக்கு எழுதுங்கள்.