சத்தம் மட்டும் போடும் துவக்கு

“நாற்பத்தேழாம் பக்கத்தை இன்னொருக்கா வாசியும்,” என்றார் புவனேந்திரன், கண்ணைத் திறக்காமலே.

சிவமலர் தாளைப் பின்னுக்குப் புரட்டினாள். வேட்டைச் சாமான்கள் விற்கும் கடையொன்றின் விலைப்புத்தகம் அது. அட்டையில் ஒரு மான் நின்றது. உள்ளே சப்பாத்து, கத்தி, நாய்க்குக் கட்டும் மணி எல்லாவற்றையும் தாண்டித்தான் துவக்குகள் வரும். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்தை அவள் வாசிப்பது இது மூன்றாம் தடவை.

“கறுப்புப் பிஸ்டல். ஒன்பது மில்லிமீற்றர். நூற்றி இருபத்தொன்பது யூரோ.”

“பாரம்?”

“எழுநூற்றி நாற்பது கிராம்.”

“உம்முடைய கைக்குப் பாரம் கூட. மற்றது?”

“றிவோல்வர். எண்பத்தொன்பது.”

“அது மலிவு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “மலிவெண்டால் ஏன் மலிவு எண்டு கேக்கவேணும்.”

தேத்தண்ணிக்குக் கேத்தில் வாங்கவே டோர்ட்மண்டில் நாலு கடை ஏறி இறங்கிய மனுஷன் அவர். உடுப்புத் தோய்க்கும் மெஷின் வாங்க மூன்று கிழமை எடுத்தது. அதுவரை சிவமலர் குளிக்கும் தொட்டியில் கையால் தோய்த்தாள். சாகிற கிழமையிலும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அடுத்த வரியை வாசித்தாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தவை ஆளைக் கொல்லும் துவக்குகள் அல்ல. குண்டு போகாது. பெரிய சத்தம் வரும், கண்ணெரியும் புகை வரும், அவ்வளவுதான். பதினெட்டு வயது தாண்டிய எவரும் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம். தெருவுக்குக் கொண்டுபோவதென்றால்தான் அனுமதிக் கடதாசி எடுக்கவேண்டும். இதையெல்லாம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே கடைக்கு ரெலிபோன் அடித்து விசாரித்து வைத்திருந்தார். போன வருஷம் கெல்சென்கிர்ச்சனில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தபோது வீட்டுக் கதவு உடைந்து கிடந்தது. அலுமாரி நிலத்தில் கிடந்தது, அவளுடைய ஆறு காப்பும் போயிருந்தன. தமிழருடைய வீட்டில் தங்கம் இருக்கும் என்பதும், சனிக்கிழமைகளில் அவர்கள் கலியாணத்துக்குப் போவார்கள் என்பதும் இந்த ஊர்க் கள்ளருக்கு மனப்பாடம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. தனக்குப் பிறகு இவள் இங்கே தனியே எப்படி என்ற யோசனை, உடம்பு வருத்தம் முற்ற முற்ற அவருக்குத் துவக்கில் வந்து நின்றது. வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், கட்டிலை விட்டு இறங்க ஏலாத மனுஷன்.

இனி நாள்கணக்குத்தான் என்று திங்கட்கிழமை டொக்டர் சொல்லிவிட்டார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, இருப்பறை யன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். காலையில் தாதி வந்து அவருடைய தோளில் நோவுக்கான மருந்துத் துண்டொன்றை மாற்றி ஒட்டிவிட்டுப் போவாள். அது ஒட்டிய பிறகு அவர் பாதி இங்கே, பாதி வேறெங்கோ. வெளியே கார்த்திகை மாதத்துப் பனிப்புகார் யன்னலை மூடிக்கொண்டு நின்றது. எதிர்வீடு இல்லை, தெரு இல்லை. ட்ராம் போகும் மணிச்சத்தம் மட்டும் கேட்கும், ட்ராம் தெரியாது. பகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அவளுக்கும் பிடிபடவில்லை.

“எது உமக்குப் பிடிச்சிருக்கு?” என்றார்.

“எனக்கென்ன தெரியும். நீங்கள் சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தாள். எனக்கென்ன தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் நின்று பிடித்த பொய் அதுதான்.

சிவமலருக்குத் துவக்கைப் பற்றி எல்லாம் தெரியும். பதினெட்டு வயதில் பதினான்கு மாதம் அவள் ஓர் இயக்கத்தில் இருந்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் துவக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவாள். பனங்காணி ஓரத்தில் இரவிரவாக, மாற்ற அடுத்த ஆள் வரும்வரை காவல் நின்றிருக்கிறாள். பிறகு இயக்கம் சிதறி, அண்ணன் காசு கட்டி, அவள் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தாள். அகதி விசாரணைக்குப் போன நாளில் அதிகாரிக்கும் அவளுக்கும் நடுவே மொழிபெயர்க்க இருந்தவர் புவனேந்திரன். “ஆயுதப் பயிற்சி எடுத்தனீங்களோ எண்டு கேக்கினம்,” என்றார். அவள் அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்து, “இல்லை,” என்றாள். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, ஜேர்மனில் “நைன்,” என்றார். அந்தச் சொல் அவர் வாயால் போய் அவளுடைய அகதி விண்ணப்பத்தில் ஏறியது. ஏழு மாதம் கழித்து அவரே ஆள்விட்டு அவளைப் பெண் கேட்டார்.

அவருடைய வாயால் பொய் சொல்லுவித்துவிட்டு அவரிடமே எப்படி உண்மையைச் சொல்வது? அதிகாரிக்குச் சொன்ன பதிலையே அவள் வீட்டுக்கும் வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்தொன்பது வருஷம் போய்விட்டது. இனி நாளைக்கு என்று ஒன்று இல்லை. சொல்லாமல் விட்டால், யாரென்று தெரியாத ஒருத்தியோடு வாழ்ந்தவராக அவர் போய்விடுவார். அந்த நினைப்பு இரண்டு நாளாக அவளை இருக்கவிடவில்லை.

“அப்ப பிஸ்டலையே எடுப்பம்,” என்றார் அவர். “விலை கூடினது நிண்டு பிடிக்கும்.”

“வேண்டாம். றிவோல்வர்தான் நல்லது.”

“ஏன்?”

“பிஸ்டல் இறுகும். நடுங்கிற கையாலை பிடிச்சு வெடி வைச்சா வெற்றுத் தோட்டாக் கோது வெளியாலை வராமல் அரைவாசியிலை சிக்கி நிக்கும். பிறகு மகசினைக் கழட்டி, இழுத்துத் தட்டி எடுக்கவேணும். இருட்டிலை அதுக்கு நேரம் கிடையாது. றிவோல்வரெண்டால் திரும்ப விசையை அழுத்தினாப் போதும்.”

வாய் தவறிப் போயிற்று.

“அது அந்தப் பக்கத்திலை போட்டிருக்கோ?” என்று கேட்டார் புவனேந்திரன். கண் மூடித்தான் இருந்தது.

சிவமலர் புத்தகத்தை மடித்து மடியில் வைத்தாள். ஓம் என்றால் முடிந்துவிடும். அவர் எழும்பிப் பார்க்கப் போவதில்லை.

“இல்லை,” என்றாள். “நான் இயக்கத்திலை இருந்தனான்.”

“ம்.”

“பதினாலு மாதம்.”

“ம்.”

“அண்டைக்கு விசாரணையிலை உங்களைக் கொண்டு பொய் சொல்லுவிச்சனான்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“கலியாணம் முடிச்ச முதல் கிழமை.” ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நெடுநேரம் எடுத்தார். “நித்திரையிலை எழும்பி நிமிர்ந்து இருந்தனீர். அடுத்த ஆள் வந்திட்டுதோ எண்டு கேட்டனீர். நான் பயந்து போனன். பதில் சொல்லாட்டி நீர் படுக்கமாட்டீர் போல கிடந்தது. வந்திட்டன், நீர் போய்ப் படும் எண்டன். உடனை படுத்திட்டீர்.”

“பிறகு?”

“பிறகென்ன. கிழமைக்கு ரெண்டு தரம், மூண்டு தரம். நீர் கேப்பீர், நான் வந்திட்டன் எண்டுவன். ஆஸ்பத்திரிக்குப் போகுமட்டும்.”

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். பத்தொன்பது வருஷம் அவள் மூச்சுக் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்ததை இந்த மனுஷன் முதல் கிழமையிலேயே கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலச் சோறு தின்றிருக்கிறார்.

“ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அந்தப் பதிலோடு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தோலும் எலும்புமான அந்தக் கையில் மருந்து மணத்தது. இந்த மனுஷனை இவ்வளவு காலமும் போதாமல்தான் நேசித்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

“எனக்குப் பிறகு உமக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்றார். “அதுதான் யோசிச்சனான். துவக்கொண்டு தலைமாட்டிலை கிடந்தா, காவல் இருக்கு எண்டு உம்முடைய மனம் ஆறும், நித்திரை வரும் எண்டு.”

“துவக்கு இருந்தா எனக்கு நித்திரை வராது.”

“ஏன்?”

“துவக்கு வைச்சிருக்கிற ஆள் நித்திரை கொள்ளக்கூடாது. அதுதான் முதல் சொல்லித் தாறது.”

புவனேந்திரன் கண்ணைத் திறந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார். ஒரு நாளும் துவக்கைத் தொட்டறியாத மனுஷனுடைய முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் வந்தது.

“அது எனக்குத் தெரியாமல் போச்சு,” என்றார். “அப்ப வேண்டாம்.”

அதோடு துவக்குக் கதை முடிந்தது. அவள் விலைப்புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்களோடு போட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசியது அவளோடு அல்ல. உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜேர்மனில் மெதுவாக ஒரு வசனம் சொல்லுவார். கொஞ்சம் பொறுத்து அதையே தமிழில் சொல்லுவார். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. “இருங்கோ. கூப்பிடுவினம்,” என்றார் ஒருமுறை, யாரோ புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்வதுபோல மிகவும் மரியாதையாக. “பயப்பிடாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ.” யன்னலில் புகார் வெளிச்சம் வெள்ளையாக நின்றது. அந்த வெள்ளைக்குள் ஒரு நீளமான வாங்கில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கும் தோன்றியது. தானும் அங்கே ஒரு கரையில் இருப்பதாக, தன் பெயரைக் கூப்பிட இன்னும் நேரம் இருப்பதாக. அவளுடைய கை அவருடைய கையிலேயே இருந்தது. அவர் அடுத்த வசனத்தை ஜேர்மனில் சொன்னார். தமிழுக்காக அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகுதான் விளங்கியது.

டொக்டர் வந்து மரணக் கடதாசி எழுதினார். பொழுதுபடுமுன் அவரைக் கொண்டுபோனார்கள். வுப்பர்டாலில் இருந்து அவருடைய தங்கை பாலாம்பிகை அழுதுகொண்டே வந்து இறங்கினாள். தகனத்துக்கு நாள் கிடைக்க ஆறு நாள் ஆகும் என்றார்கள். இந்த நாட்டில் செத்தவருக்கும் முன்கூட்டியே நாள் பதியவேண்டும். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தெரிந்த சனம் சட்டி சட்டியாகச் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்தது. எல்லோரும் கதைத்தார்கள். சிவமலர் எல்லோருக்கும் தலையாட்டினாள். இரண்டு நாள் அவள் கண் மூடவில்லை. அவளுக்குத் துணையென்று பாலாம்பிகையும் மூடவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் சனம் குறைந்ததும், “மச்சாள், கொஞ்சம் சரியுங்கோ, விழுந்துபோவியள்,” என்று பாலாம்பிகை அவளைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் அறையில் படுக்கவைத்தாள். போர்வை குளிராக இருந்தது. அதற்குமேல் சிவமலருக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவடியில் பாலாம்பிகை, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, முகம் வெளிறி நின்றாள்.

“ஆரோடை மச்சாள் கதைச்சனீங்கள்?”

“என்ன சொன்னனான்?”

“அடுத்த ஆள் வந்திட்டுதோ எண்டு கேட்டியள். ரெண்டு மூண்டு தரம் கேட்டியள்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

சிவமலர் அவளைப் பார்த்தாள். தமையனைப்போலவே அகன்ற நெற்றி. நித்திரையில்லாமல் கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

“அது ஒண்டுமில்லை,” என்று சொல்லிக் கட்டிலை விட்டு இறங்கினாள். கோப்பையை வாங்கி யன்னல் தட்டில் வைத்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்து, போர்வையை விரித்தாள். “நீர் வந்து படும். நான் முழிச்சிருக்கிறன்.”

பாலாம்பிகை மறுத்துப் பார்த்தாள். பிறகு தலை சாய்த்ததும் அப்படியே நித்திரையாகிவிட்டாள். நாலு மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சிவமலர் விளக்கைப் போடவில்லை. கதிரையை ஓசைப்படாமல் தூக்கி, வாசற்கதவு தெரியும்படி திருப்பிப் போட்டு, அதில் நிமிர்ந்து இருந்தாள்.