ஏப்ரனுக்கு அடியில்

விடுதிகளின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் யாருக்கு எங்கே அரித்தாலும் முதலில் போய் நிற்பது களிம்பக்காவிடம்தான். துணி மடிக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. இடுப்புப் பையில் எப்போதும் ஒரு களிம்பு டியூப் வைத்திருப்பாள். "கொஞ்சூண்டு தடவு, ஓடிப்போயிடும்" என்பாள். ஓடித்தான் போகும். கொஞ்ச நாளில் திரும்பி வரும், மறுபடியும் கொடுப்பாள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கழுத்தில் வட்டமாகத் தடிப்பு வந்தபோதும் அப்படித்தான் கொடுத்தாள். சிவப்பு அடங்கியது. பிறகு வட்டம் பெரிதாகிக் காதுவரை ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இவ வந்ததுல இருந்துதான் ஆளாளுக்குச் சொறியறீங்க. நாளையில இருந்து இவ வர வேண்டாம்."

புதுசு, அப்படித்தான் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள், களிம்பக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"ஒரு நாள் பொறுங்கண்ணே. டாக்டர்கிட்ட காட்டி நானே கூட்டிட்டு வரேன். இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றாள் களிம்பக்கா. தன் டியூபைப் பார்த்ததும் டாக்டரே மெச்சுவார் என்று நம்பித்தான் கிளம்பினாள்.

டாக்டரம்மா தடிப்பின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"படர்தாமரை. பூஞ்சைதான் காரணம். ஓரம் தடிச்சு, செதில் செதிலா உரியுது பாருங்க. வேர்த்தா அரிப்பு கூடுமே?"

"உயிரே போயிடும் டாக்டர்," என்றாள் புதுசு.

"என்ன போட்டீங்க?"

களிம்பக்கா பெருமையாக டியூபை நீட்டினாள்.

"நல்லா கெடுத்தீங்க போங்க! இது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிடும். பூஞ்சைக்கோ விருந்து வெச்ச மாதிரி. சத்தமில்லாம படர்ந்துடும். அது சரி, ஒருத்தர் துணியை இன்னொருத்தர் போடுறீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரார் துணியையெல்லாம் கொதிநீரில் துவைத்துச் சூட்டில் உலர்த்தும் கூடம் அது. ஆனால் மெஷின் விடுதித் துணிக்கு மட்டும்தான். தங்கள் ஏப்ரன்களை மிச்சத் தண்ணீரில் அலசி, ஒரே ஆணியில் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டுவார்கள். காலையில் கைக்கு வந்ததை ஈரத்தோடு இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். குட்டையான புதுசு மட்டும் அதைத் தூக்கிக் கழுத்தைச் சுற்றி முடிந்துகொள்வாள்.

களிம்பக்காவின் கை தன் இடுப்புக்குப் போனது. கயிறு பதியும் இடத்தில் அவளுக்கும் ஒரு வட்டம், புதுசு வருவதற்கு வெகு முன்பிருந்தே.

நல்ல மனத்தைக் கடவுள் பார்க்கிறார், பூஞ்சை பார்ப்பதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கன்னத்தில் கைவைத்து உட்காரும் ஆளா அவள்?

"எனக்கும் சேர்த்து எழுதுங்க டாக்டர்."

"எழுதறேன். தடம் மறைஞ்சாலும், நான் சொல்ற வரைக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது. துணியால மூடிக்கிட்டு வேலைக்குப் போகலாம்."

மறுநாள் களிம்பக்கா புதுசின் கையைப் பிடித்தபடி மேற்பார்வையாளர் முன் நின்றாள்.

"இவ கொண்டு வரலண்ணே. நாமதான் இவளுக்குக் கொடுத்திருக்கோம். இவளுக்குக் கழுத்துல, ஊருக்கே தெரிஞ்சுது. நமக்கு இடுப்புல."

"எனக்கும்தான்க்கா," என்று மடிப்பு மேசையிலிருந்து ஒரு குரல். "எனக்கும்," என்று இன்னொன்று.

"இவளை அனுப்புறதா இருந்தா எங்க எல்லாரையும் அனுப்புங்க. இல்லேன்னா முதல்ல நம்ம ஏப்ரனை மெஷின்ல போடுங்க. இனிமே ஆளுக்கு ஒண்ணு."

"விடுதித் துணி காத்துக்கிட்டிருக்கே..." என்று இழுத்தார் அவர். மெஷினில் துணி ஏற்றும்போது அவரும் அதே ஆணியிலிருந்து ஏப்ரன் எடுப்பவர்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் பெல்ட்டுக்குள் நுழைந்து பரபரவென்று தேய்த்தது.

"அண்ணே, அடிக்கடி என் டியூபை வாங்கிட்டுப் போனீங்களே, யாருக்கு?"

"அது... வீட்டுல..."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவர் விருட்டென்று ஆணியிலிருந்த ஏப்ரன்களை அள்ளி மெஷினுக்குள் திணித்தார். "சிரிச்சது போதும்! ஏ புதுசு, வேடிக்கை பார்க்காம அந்த விரிப்பை எடு!"

புதுசு ஓடினாள். பெண்கள் தத்தம் வேலைக்குத் திரும்பியதும், மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் களிம்பக்கா பக்கம் மெல்ல நகர்ந்து வந்தார்.

"அந்த டாக்டரம்மா சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"