பீலியடிப் பலகை

தொண்ணூற்றெட்டாம் வருடம், இலங்கையின் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் ஒன்பது பேருக்குக் கண் மஞ்சளான பிறகுதான் நிர்வாகத்துக்குக் கண் திறந்தது. திறந்து என்ன கிழித்தது? தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒரு பலகையை நட்டது: "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்."

தங்கம்மாவின் புருஷன் வேலுசாமி பத்து நாளாகப் பாயில் கிடந்தான். மகள் சசி ஏழு மாதக் கர்ப்பிணி. பார்க்க வந்த சுகாதார அதிகாரி சரவணமுத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இது மந்திரிச்சுப் போற வருத்தமில்லை அம்மா. மேல் கக்கூஸ் கசிவு பீலித் தண்ணியில கலக்குது. கிருமி ஈரலைப் பிடிக்குது. இதுக்கெண்டு தனி மருந்தில்லை, அவருக்கு ஓய்வுதான் வேணும். ஆனா பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. கொதிக்காத தண்ணி ஒரு மிடறும் குடுக்காதேங்கோ."

விறகுக்கு எங்கே போவது? தோட்டம் வாரத்துக்கு ஒரு கட்டுத்தான் கொடுக்கும். அது சோறாக்கவே பற்றாது. வெட்டிச் சாய்த்த ரப்பர் மரமெல்லாம் லொறியேறி விலைக்குப் போனது. மரம் வெட்டிய இடத்தில் சிதறிக் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்து வந்தாள் தங்கம்மா. பாதையில் காவல்காரன் கன்னையா மறித்தான்.

"கட்ட எறக்கு தங்கம்மா. வெறகு எடுத்தா வேல நிப்பாட்டச் சொல்லி தொரை ஓடர்."

"காய்ச்சிக் குடின்னு பலக நட்டதும் அதே தொரைதானே? வெறகில்லாம எதுலண்ணே காய்ச்சுறது, என் வயித்தெரிச்சல்லயா?"

"என்னைய கேட்டா? நானும் கூலிக்காரன்தான்" என்று கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற நியாயம்! தங்கம்மா ஆத்திரத்தோடு வெறுங்கையாகத் திரும்பினாள். வீட்டுக்குள் நுழைந்தால் சசி வறண்ட நாக்கோடு, "தாகமா இருக்கும்மா" என்றாள். குடத்தில் இருந்தது பச்சைத் தண்ணீர்.

தங்கம்மா கோடரியை எடுத்துக்கொண்டு பீலியடிக்கு நடந்தாள்.

சாயங்காலம் கன்னையா மூச்சிரைக்க ஓடி வந்தான். சசி திண்ணென்ற வயிற்றோடு சுவரில் சாய்ந்து, ஆறவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இரண்டாவது பானை தளதளவென்று கொதித்தது. அதன் அடியில், "குடிக்கவும்" என்ற எழுத்தோடு பலகையின் கடைசித் துண்டு எரிந்தது.

"அடிப்பாவி! தொரை கேட்டா நான் என்னத்த சொல்ல?"

"இன்னொரு பலக நடச் சொல்லுங்கண்ணே" என்றாள் தங்கம்மா. "நாளைக்கும் தண்ணி காய்ச்சணும்."