அஞ்சாங்கட்டைக்கு வந்த மாமன்மார்

கிள்ளான் பாதையில் ஐந்தாவது மைலில் இருக்கிற எங்கள் அஞ்சாங்கட்டையில் ரத்தக் காட்டேரிகள் புகுந்ததற்குக் காட்டேரிகளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க்காரர்களின் வாயைத்தான் சொல்வேன்.

கூப்பிடாத வீட்டுக்குள் அவர்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ரோஷக்காரர்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள், அவ்வளவுதான். கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் கிராமத்தில் பொழுது சாய்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள், தொல்லை விட்டது. சீனர் கடையில், கடை மூடியாச்சு என்று கையை ஆட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நிற்கிறவரை விரட்டினால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். "வாங்க, வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று பாயை விரித்துப் போட்டார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார்கள். வந்தவர்கள் காப்பி வேண்டாம் என்றார்கள்.

முதலில் கடிபட்டவர் என் வீட்டுக்காரர். பேரை நான் சொல்லக்கூடாது. ரயில்வேயில் நாகையா என்று பதிந்திருக்கிறது. ரயில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. கேட்டை ஒழுங்காக மூடத் தெரிந்த மனுஷனுக்கு வீட்டுக் கதவை மூடத் தெரியவில்லை. வந்தவருக்கு விசிற மட்டை வேறு கொடுத்திருக்கிறார். நான் கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தால், ஆள் வெளுத்த வேட்டி மாதிரி சுருண்டு கிடக்கிறார்.

"யாரு வந்தது?" என்றேன்.

"தெரியல வீரம்மா. நல்ல மரியாதையான ஆளு" என்றார்.

யாரும் சாகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கடிபட்டவர்கள் சில நாள் படுத்துக் கிடப்பார்கள். முருங்கைக்கீரை தின்றால் எழுந்துவிடுவார்கள். ஊரில் ஒரு முருங்கை மரத்திலும் இலை மிஞ்சவில்லை. எழுந்தவர்கள் மறுபடி வாசலில் யாரையாவது பார்த்தால், மறுபடி "வாங்க" என்றார்கள். இப்படிப்பட்ட ஊர்.

இவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்ட காலத்தில், காட்டை வெட்டக் கப்பலில் ஒரு கூட்டம் வந்தது. ஒரே மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே குழியாக வெட்டி மூடினார்கள். யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாததால் யாரும் அழவில்லை, கருமாதியும் செய்யவில்லை. அடுத்த கப்பலில் அடுத்த கூட்டம் வந்தது, பாதை போய்க்கொண்டே இருந்தது. குழிக்கு மேலே ஊர் வந்துவிட்டது. ரப்பர் விலை ஏறிய வருஷம், சரக்குக் கொட்டகையைப் பெரிதாக்குகிறோம் என்று தோண்டினார்கள். எலும்பு தெரிந்ததும் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெற்றிலை போட்டார்கள். அன்று அந்தியிலிருந்துதான் இந்த விருந்தாளிகள்.

எனக்குக் காட்டேரி ஒரு கவலையே இல்லை. என் கவலை தனலெட்சுமியின் கல்யாணம்.

தனலெட்சுமி என் ஒரே மகள். மாப்பிள்ளை தம்புசாமி, கிள்ளான் பையன், தங்கமான பையன். அவன் அம்மா வள்ளியம்மா இருக்கிறாளே, அவள்தான் இடி. பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு, சீர்ச் சேலை கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மாமன் இல்லாத பொண்ணுன்னா எந்த வீட்டுப் பொண்ணுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

நான் கப்பலில் தனியாக வந்தவள். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. "என் அண்ணன் ஜோகூர்ல இருக்காரு. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய்தான். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

இதற்கு நடுவில் கோயில் தலைவர் ரெங்கசாமி கூட்டம் போட்டார். இனி அந்தி நேரத்தில் வாசலில் யார் நின்றாலும் ஊரில் ஒருவரும் "வாங்க" என்று சொல்லக்கூடாது என்று தீர்மானம். எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். மறுநாளே ரெங்கசாமி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, முருங்கைக்கீரை கேட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"வயசான ஆளும்மா. வாசல்லயே நிக்க வச்சுப் பேசுறது நல்லாவா இருக்கு?" என்றார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வள்ளியம்மா மறுபடி வந்தாள். அண்ணன் வந்தாச்சா என்றாள். வருகிறார் என்றேன். "மாமன் வரலைன்னா தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துடுறோம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தனலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடு விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள்.

நெடுநெடுவென்று ஓர் ஆள். வெற்றுடம்பு, சிவந்த கண், உதட்டுக்கு வெளியே பல்.

"என்னண்ணே இது!" என்று கத்தினேன். "எம்பொண்ணு கல்யாணமே நிக்கப் போவுது. இதுல நீங்க வேற வாயைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க!"

ஊரில் யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பதுதான் வழக்கம். அந்த ஆள் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரை... என்னையா?"

"உங்களைத்தான். வேற யாரு நிக்கிறா இங்க?"

அவர் மெதுவாக உதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கை என்று ஆனபிறகு எப்படிக் கடிப்பது? நான் விடுவேனா!

"அண்ணன்காரன் தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடவா வருவாரு? மாமன் மாலை எங்க? சேலை எங்க? பழத்தட்டு எங்க?"

ஒரு அடி பின்னால் போனார். "தெரியாம வந்துட்டேம்மா."

"தெரியாம வந்தீங்களா? கூடப் பொறந்தவ வீடு தெரியாதா? பேரு என்னண்ணே?"

"பக்கிரிசாமி."

"வெள்ளிக்கிழமை அந்தி முகூர்த்தம், பக்கிரிசாமியண்ணே. பகல்ல இவருக்கு ரயில்வேயில லீவு தரமாட்டாங்க. சீரோட வந்து சேருங்க."

ஓடினார் பாருங்கள், தலைத்துண்டு வேலியில் மாட்டிக்கொண்டதைக்கூட எடுக்கவில்லை. ரத்தம் குடிக்கிறவனுக்கும் சீர் என்றால் குலை நடுங்குகிறது.

விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த நாள் அந்தியில் வாசலில் நின்ற ஒவ்வொருவரையும் முறை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். "சித்தப்பா, பேரனுக்குக் காதுகுத்து!" "மாமா, வளைகாப்புக்கு நீங்கதான் வளையல் கொண்டு வரணும்!" காட்டேரிகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட, பின்னாலேயே வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் ஊர் ஓடியது. ரெங்கசாமி கழுத்துத் துணி பறக்க, "மச்சான், நில்லுங்க லா! எம்மவளுக்குச் சடங்கு, பச்சை ஓலைக் குடிசை கட்டணும்!" என்று ஒருவரைத் தண்டவாளம் வரைக்கும் துரத்தினார். அதற்குப் பிறகு ஒரு வாசலிலும் ஒருவரும் நிற்கவில்லை. அத்தனை பேரும் சரக்குக் கொட்டகைக்குள் பதுங்கிவிட்டார்கள். ஊர் கும்மாளம் போட்டது.

நான் கும்மாளம் போடவில்லை. விரட்டத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் வேலியில் கிடந்த அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பந்தல், நாதஸ்வரம், கிள்ளானிலிருந்து இரண்டு லோரி நிறைய மாப்பிள்ளை வீட்டார். தம்புசாமி மணவறையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். வள்ளியம்மா எழுந்து நின்று, பந்தலே கேட்கிற மாதிரி, "மாமன் எங்க?" என்றாள்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். தனலெட்சுமி என் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

பந்தல் வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பக்கிரிசாமியண்ணன். அவருக்குப் பின்னால் அந்தக் கூட்டம் மொத்தமும். வரிசையாக, ரயில் பாதைக்கு மண் சுமந்த கூடைகளில் ரம்புத்தான், மங்குஸ்தான், வாழைக்குலை. அண்ணன் கையில் காட்டுப் பூவில் கட்டிய மாலை, கக்கத்தில் துருப்பிடித்த தகரப்பெட்டி. கூப்பிடாமல் உள்ளே வர மாட்டார்கள் அல்லவா, அங்கேயே நின்றார்கள்.

"வாங்கண்ணே" என்றேன்.

வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தார். ஓரமெல்லாம் மண் வாடை. "ஊர்ல தங்கச்சி கல்யாணத்துக்குன்னு கிள்ளான் பாசார்ல வாங்கினது. அனுப்புறதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். சேலையைத் தனலெட்சுமியின் தோளில் போர்த்தி, மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். பல் தெரியாமல் இருக்க வாயை இறுக்க மூடிக்கொண்டே நடந்தார், பாவம்.

வள்ளியம்மா வரிசையை எண்ணிப் பார்த்தாள். "இத்தனை மாமனா!" என்றாள். பிறகு என் காதோரம், "ஏன் சம்பந்தி இப்படி வெளுத்திருக்காங்க? ஜோகூர்ல வெயிலே அடிக்காதா?" என்று கேட்டாள்.

தாலி ஏறியது. பந்தியில் மாமன்மாரை முதல் வரிசையில் உட்கார வைத்தோம். இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே தவிர, ஒரு பருக்கை தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களையும் தொடவில்லை. நான் அண்ணனிடம் துவைத்து வைத்திருந்த துண்டைக் கொடுத்தேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம்பக்கம் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன் தங்கச்சி" என்றார். "செத்த அண்ணனுக்கு நீ என்ன செய்யப் போற?"

உரிமையோடு கேட்டார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். செய்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் கருமாதி நடந்தது. யார் யாரை என்ன முறை சொல்லித் துரத்தினார்களோ, அவர்களே அவரவர் முறைப்படி செய்ய வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். "சும்மா விரட்டத்தானம்மா மச்சான்னேன்" என்று ரெங்கசாமி இழுத்தார். "சொன்னது சொன்னதுதான், உட்காருங்க" என்றேன். ஊரில் பாதித் தலை மொட்டை. நாவிதர் கத்தியைத் தீட்டித் தீட்டி ஓய்ந்துபோனார். வள்ளியம்மாவும் வந்திருந்தாள். "வெள்ளிக்கிழமைகூட உங்கண்ணன் நல்லா நடந்தாரே, எப்ப தவறினாரு?" என்று கேட்டாள்.

"முப்பது வருஷம் இருக்கும்" என்றேன்.

கிள்ளான் ஆற்றில் பிண்டத்தைக் கரைக்கும்போது அழுகை வந்தது பாருங்கள், மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் இல்லையே என்று நான் ஒரு நாளும் அழுததில்லை. இருந்த அண்ணன் போய்விட்டானே என்று அழுதேன். என்னைப் பார்த்து ஊரே அழுதது.

இப்போதும் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலைப் பார்க்கிறேன். தனலெட்சுமிக்கு இது ஏழாவது மாதம், வளைகாப்பு வரப்போகிறது. வேலியோரம் ஒருவரும் இல்லை. அண்ணன்காரர்களே இப்படித்தான். சீரைச் செய்து முடித்துவிட்டால், தங்கச்சி இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.