காயாத பம்பர்

மாமனாரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியபோது அறைக்குள் இருந்தவர்கள்: அக்குளில் கை கொடுத்துத் தூக்கிய மருமகன், கால்களைப் பிடித்திருந்த மச்சான், அதாவது இறந்தவரின் ஒரே மகன், புருஷனை விட்டுவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டு "மெதுவா, இடிச்சிராதீங்க" என்று பதறிய மாமியார், கதவோரம் நின்று சான்றிதழ் எழுதிய டாக்டர். மாமனாரையும் சேர்த்தால் ஐந்து பேர். அந்த அறை இத்தனை கூட்டத்தைக் கண்டதில்லை. மாமனாருக்கு உயிர் இருந்திருந்தால், தூசி கிளம்புகிறது என்று நாலு பேரையும் விரட்டியிருப்பார்.

"நொடியில முடிஞ்சிருக்கும், வலியே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மாமனார் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் வண்டி ஓட்டுவதைப் பார்த்து ஃபெயில் போட்டவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை. அலமாரியில் மட்டும் கை நீளத்துக்கு நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் கார்கள், எல்லாம் அவரே ஒட்டியவை. பெட்டியில் வரும் பம்பரும் கிரில்லும் பளபளவென்று வெள்ளி முலாம் பூசியே வரும். அது அவருக்கு ஆகாது. "பொம்மைக் கடை மினுக்கு" என்பார். பாத்ரூம் கழுவ மாமியார் வாங்கி வைத்திருக்கும் பிளீச்சைத் திருடி, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, முலாம் கரையும்வரை ஊறப்போடுவார். பிறகு பளபளக்கும் கருப்பு அடிப்பார். காய்ந்ததும் அதன் மேல் வெள்ளி ஸ்பிரே. அதற்கப்புறம் இரண்டு நாள் யாரும் அதைத் தொடக் கூடாது, அந்த அறைக் கதவைத் திறக்கவும் கூடாது.

"வெள்ளியா இருக்கறத கருப்பாக்கி, மறுபடி வெள்ளியாக்க ஒரு மனுஷனுக்கு ஒரு வாரமா?" என்று மாமியார் கேட்காத மாதமில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் இல்லை.

மச்சான் மேஜைப் பக்கம் குனிந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டம் எழுதுவது அவன் வேலை. அப்பா செத்த அறையிலும் அவனால் ஒரு பம்பரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, இதுல யாரோ விரல வெச்சிருக்காங்க."

அதுவரை அழாத மாமியார், "ஐயையோ!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

விரல் நீளமுள்ள பம்பர், குச்சியில் செருகி நின்றது. நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக. அதன் வழியே அடியிலிருந்த கருப்பு எட்டிப் பார்த்தது.

இரண்டு தலைகளும் மருமகன் பக்கம் திரும்பின.

திரும்பாமல் என்ன செய்யும்? பதினோரு வருஷத்துக்கு முன், கல்யாணமான மறு வாரம், இதே மேஜையில் ஒரு கிரில்லில் இதே மாதிரி ஒரு ரேகை. அன்றைக்கு அறைக்குள் போய் வந்தவன் அவன் ஒருத்தன்தான். தொடவில்லை என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளே நம்பவில்லை. லிஃப்ட் மெக்கானிக், கை சும்மா இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து மாமனார் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இவர்தான் நம்ம கட்டைவிரல் மாப்பிள்ளை" என்று அறிமுகப்படுத்துவார்.

"மாப்ள, நீங்கதான முதல்ல உள்ள வந்தீங்க?" என்றான் மச்சான். மரியாதை குறையவில்லை. க்ளெய்மை நிராகரிக்கும்போதும் அவன் குறைப்பதில்லை.

"நான் மாமாவத்தான் பாத்தேன். பம்பர யாரு பாத்தா?"

"அப்பதான் கை படும்."

போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்று மச்சான் போனைத் தேடி ஹாலுக்குப் போனான். அந்தப் போனில் அவன் தங்கச்சி, மருமகனின் பெண்டாட்டி, உறவுக்காரர்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கைய நேரா வைங்க மாப்பிள்ளை. மடங்கியே கெடக்கு" என்றார் மாமியார்.

மாமனாரின் இடது கையில் உறை இருந்தது. வலது கை உறை கழற்றப்பட்டு மேஜையில் கிடந்தது. வலது கை பொத்தியிருந்தது. மருமகன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கடைசியில் உள்ளே ஒளிந்திருந்த கட்டைவிரல் வெளியே வந்தது.

நுனி முழுக்க வெள்ளி.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார் மனுஷன். அன்றைக்கும் இப்படித்தான் தொட்டிருப்பார். பதினோரு வருஷம்! பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மருமகனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தான்.

"ஒம்போது மணிக்கு டீ எடுத்துட்டு வந்தேன்" என்றார் மாமியார். அவனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னார். "தட்டினேன். சத்தமே இல்ல. பெயின்ட் ஈரமா இருக்கும், தெறந்தா கத்துவாருன்னு வெளியவே நின்னேன். டீ ஆறிப்போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வந்தேன். அதுவும் ஆறிப்போச்சு. பதினோரு மணிவரைக்கும் நின்னேன் மாப்பிள்ளை."

அவன் வாயை மூடினான்.

"தெறந்திருக்கணுமோ?"

"டாக்டர்தான் சொன்னாரே அத்தை. நொடியில."

"அவரே ஒரு நாளும் அந்த ரூல மீறினதில்ல. பேத்தி பொறந்தப்பகூட, காஞ்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அப்படிப்பட்ட மனுஷன். அதான் நானும் மீறல." மூக்கை உறிஞ்சினார். "நல்ல சட்டை ஒண்ணு எடுத்துட்டு வரேன். கை கால தொடச்சு போட்டு விடலாம்."

அவர் போனதும் மருமகன் மேஜையிலிருந்த துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்தான். "பதினோரு வருஷம் மாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தித் தேய்த்தான். நகக்கண்ணில் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. அதையும் எடுத்தான்.

மச்சான் போனோடு வந்தான். பின்னாலேயே மாமியார், மடிப்புக் கலையாத சட்டையோடு.

"எல்லாரும் கட்டைவிரலைக் காட்டுங்க" என்றான் மச்சான்.

மாமியார் காட்டினார். சோப்பு வாசனை அடித்தது. மருமகன் தன்னுடையதைப் பார்த்தான். துணி வழியாகக் கசிந்து வந்திருந்த வெள்ளி அவன் விரலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"சரிதான்" என்றான் மச்சான்.

"ஆமா, நான்தான்" என்றான் மருமகன். "தூக்கறப்ப பட்டிருச்சு."

"பட்டிருந்தா ரேகை இழுபட்டிருக்கும் மாப்ள. இது அழுத்தி வெச்சது."

"சரி, அழுத்தித்தான் வெச்சேன்."

மாமியார் சட்டையின் மடிப்பைப் பிரித்தார். புருஷனின் வலது கையை எடுத்துச் சட்டைக்குள் நுழைத்தார். கட்டைவிரலைத் தன் முந்தானையால் இன்னொரு தரம் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

அமரர் ஊர்திக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். மேஜையை ஒட்டி நடக்கக் கூடாது என்று அவர்களுக்கும் உத்தரவு. பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து மாமனாரை வெளியே கொண்டுபோனார்கள். மாமியார் ஒரு டிபன் பாக்ஸைக் கவிழ்த்து பம்பரை மூடினார்.

"அத்தை, வண்டி கெளம்பப் போகுது."

"இன்னும் ரெண்டு நாள் காயணும். மொதல்ல நீங்க வெளிய போங்க."

அவன் விரலைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனான். பின்னாலேயே வந்து அவர் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்று சுற்றியது. பிறகு கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்க்கும் சத்தம்.