சவேரியாருக்குக் கேட்காத சத்தம்

தனுஷ்கோடியிலிருந்து திரும்பும்போது பின் சீட்டில் இருந்த அம்மாள்தான் முதலில் சொன்னாள். "டிரைவர், நீங்க மிதிக்கும்போதெல்லாம் வண்டி ஊளையிடுதே, கேக்கலையா?"

"காத்தும்மா. ரெண்டு பக்கமும் கடலாச்சே" என்றார் சவேரியார். சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே காற்று என்றுதான் நினைத்தார்.

வாலிபம் முழுக்க விசைப்படகில் டிரைவராக இருந்தவர் அவர். இன்ஜினுக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர். வேறு படகில் இன்ஜின் மக்கர் பண்ணினால்கூட, "சவேரியாரக் கூட்டிட்டு வா, காதை வச்சுச் சொல்லிருவாரு" என்று ஆள் அனுப்புவார்கள். இடுப்பு வலி வந்து கடலை விட்ட பிறகுதான் இந்தப் பழைய டீசல் காரை வாங்கி, ராமேஸ்வரம் வருகிற ஆட்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சவாரியிலும் அதே பேச்சு. அதற்கடுத்த சவாரிக்காரர்கள் பாம்பனிலேயே இறங்கி வேறு கார் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகையில் மனைவி வேளாங்கண்ணி காதைப் பொத்திக்கொண்டு, அவர் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, இந்தச் சத்தத்தோட எப்படித்தான் ஓட்டுறீங்க? மண்டைக்குள்ள குத்துது!"

மறுநாள் காலையில் மண்டபத்துக்கு, நவ்ஷாத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

நவ்ஷாத் உள்ளே உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்தே ஆக்சிலரேட்டரை அழுத்தினான். "நிக்கையிலயே வருதுண்ணே. அப்ப கியர்பாக்ஸும் இல்ல, சக்கரமும் இல்ல. இன்ஜின் பக்கந்தான். ரேஸ் ஏற ஏற இதுவும் ஏறுது பாருங்க."

சவேரியார் தலையை ஆட்டினார்.

பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகமாக வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டான் நவ்ஷாத். ஒன்றும் பிடிபடவில்லை. "எல்லாத்துலயும் சேந்து கேக்குது. நீங்க பாருங்கண்ணே. ஒங்க காதுக்கு முன்னால என் காதெல்லாம் எம்மாத்திரம்."

சவேரியார் குனிந்து காதை வைத்தார். இன்ஜினின் தடதடப்பு கேட்டது. அதற்கு மேலே கீச்சென்று ஒரு சத்தம் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடந்தது. மறு காதை வைத்தார். அதே தடதடப்புதான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா."

நவ்ஷாத் சிரித்தான். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தினான். வாசலில் போன ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப?"

"இல்ல."

அவன் சிரிப்பு நின்றது. இன்ஜினை அணைத்தான்.

பிறகு பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிஷம் மட்டும் ஸ்டார்ட் பண்ணி அணைத்தான். "இப்ப சத்தமில்ல. பெல்ட் சுத்துற சாமான்ல ஏதோ ஒண்ணுதான்" என்றான், வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமாக. அதுவே சவேரியாருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் கையை நீட்டி, பெல்ட் ஓடும் புல்லி ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்தார். பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் மட்டும் உள்ளே மணல் கிடப்பதுபோல் நறநறத்தது.

"இதான்."

கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் வற்றி, உப்புக் காற்றில் துரு ஏறியிருந்தது. புது பேரிங் போட்டு மறுபடி பூட்டி ஸ்டார்ட் பண்ணினான். "போயிருச்சுண்ணே! சுத்தமா போயிருச்சு!"

சவேரியாருக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சரி என்று சொல்லி, அவன் வார்த்தையை நம்பி வண்டியை எடுத்தார்.

நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்த வாரமே வேளாங்கண்ணி அவரை ராமநாதபுரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இன்ஜின் சத்தம் கேட்டுக் கேட்டே உள்காது செத்துப்போயிருக்கிறது, கீச்சென்ற சத்தமும் மெல்லிய பேச்சும் இனி கேட்காது, மிஷின் வைத்தால் ஓரளவு பேச்சு விளங்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

"எப்பயிருந்து சார் இப்படி?" வேளாங்கண்ணிதான் கேட்டாள்.

"இது திடீர்னு வர்றதில்லம்மா. வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா போயிருக்கும்."

திரும்பும் வழியில் உச்சிப்புளி தாண்டியதும் வேளாங்கண்ணி ஜன்னல் பக்கம் பார்த்து என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டிலும் கொஞ்ச காலமாக இதேதான். வேண்டுமென்றே வாய்க்குள் முனகி நம்மைக் கடுப்பேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விடுவார். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

வண்டியை ஓரங்கட்டினார். "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு, வேளாங்கண்ணி."

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "எங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி பூரா ஒங்க முதுகப் பாத்துப் பேசிக்கிட்டே கெடந்தனே! நீங்க திரும்பவே இல்லையே! அதுவும் கேக்கலையா?"

இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அவ்வளவு சத்தமாகக் கத்தினாள்.

"கேக்கல" என்றார்.

"கல்லு மனசுன்னு நெனச்சேன். அன்னைக்கே ஒங்கள விட்டுட்டேன் நான், மனசுக்குள்ள."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த அழுகையின் சத்தம் அவருக்கு எட்டவில்லை. ஒரு லாரி வண்டியை உலுக்கிவிட்டுப் போனது. அவர் அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிடவும் இல்லை, அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை.

"அன்னைக்கு என்ன சொன்ன? இப்பச் சொல்லு. கத்திச் சொல்லு, கேக்குறேன்."

வேளாங்கண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"அதக் கத்திச் சொல்ல முடியாதுங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அது விளங்கியது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடுகிறதா என்று, காதை நம்பாமல் ஸ்டீயரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ரோட்டில் ஏற்றினார்.